மகுடவர்மனின் வெள்ளைச் சுவர்

வெகு காலத்துக்கு முன்னே நெடுங்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் எதுவும் அவனுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். மயில் வடிவில் படகு வேண்டும் என்பான். படகு வந்து சேரும்போது மயிலே பிடிக்காமல் போயிருக்கும். மணி கோத்த தலைப்பாகை கேட்பான். கட்டிய மறுநாளே காது வலிக்கிறது என்று கழற்றி எறிவான்.

இதையெல்லாம் யோசித்து யோசித்துச் செய்துகொடுத்தவர் மந்திரி தாண்டவராயர். இளவயதில் அது அவருக்கு விளையாட்டு மாதிரி இருந்தது. இப்போது அரண்மனைப் படி ஏறும்போதே கால் கனத்தது. ராஜா வாயைத் திறந்தால், "இன்றைக்கு என்னவோ" என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் தெருவைப் பார்த்தாற்போல் ஒரு புது மண்டபம் எழும்பியது. உள்ளே பெரிய வெள்ளைச் சுவர்.

"மந்திரியாரே, இந்தச் சுவரில் ஒரு படம் வேண்டும். இதுவரை யாருமே பார்த்திராத படம்!" என்றான் ராஜா.

"ஆகட்டும் அரசே" என்றார் தாண்டவராயர். சொல்லும்போதே கொட்டாவி வந்தது, அடக்கிக்கொண்டார்.

அரண்மனை அதிகாரி வீரகேசரி அதைப் பார்த்துவிட்டான். மந்திரி பதவி மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

"அரசே, வண்ணம் குழைத்து வரைவது ஊரெல்லாம் செய்கிற காரியம். மந்திரியாரின் மூளைக்கு அது மரியாதையா? வண்ணம் கூடாது, தூரிகை கூடாது, மனிதக் கை சுவரில் படவே கூடாது. அப்படியும் படம் வரவேண்டும். முடியாவிட்டால், பாவம், களைத்துப்போயிருக்கிறார். முத்திரை மோதிரத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கட்டுமே!"

ராஜா கைதட்டினான். "பலே! வருகிற பௌர்ணமிக்குள் படம் வேண்டும், மந்திரியாரே!"

தாண்டவராயர் எவ்வளவோ யோசித்தார். குளிக்கும்போது யோசித்தார், சாப்பிடும்போது யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. வற்றின கிணற்றில் வாளியை விட்டது போல மனசு வெறுமனே திரும்பி வந்தது. பௌர்ணமி நெருங்கிய ஒரு நாள், உச்சி வெயிலில் தலைவலியோடு வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தார்.

"என்னங்க, முகமெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றாள் மனைவி செங்கமலம்.

"மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துடலாம்னு இருக்கேன், கமலம். என்னால ஆகல."

"கொடுக்கிறதுன்னா நாளைக்குக் கொடுங்க. இப்போ பேசாம படுங்க." அவள் எல்லா ஜன்னலையும் இழுத்துச் சாத்தினாள். அறை கும்மென்று இருண்டது.

அவருக்குத் தூங்கக்கூடத் தெம்பில்லை. எதிர்ச்சுவரையே வெறித்துக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரத்தில் சுவரில் என்னவோ அசைந்தது. சிவப்பாக, மங்கலாக, ஒரு சேலை. பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், தலைகீழாக! அவளைத் தாண்டி ஒரு பசு, அதுவும் தலைகீழாக, வாலை ஆட்டிக்கொண்டு போனது.

தாண்டவராயர் எழுந்து உட்கார்ந்தார். ஜன்னல் கதவில் ஆணி கழன்று விழுந்த சின்ன ஓட்டை. அதை விரலால் மூடினார், பசு மறைந்தது. விரலை எடுத்தார், பசு வந்தது. மூடினார், எடுத்தார். நெடுநாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

பௌர்ணமியன்று நடுப்பகலில் சபை புது மண்டபத்தில் கூடியது. ஜன்னல்களையெல்லாம் கறுப்புக் கம்பளியால் அடைத்திருந்தார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மந்திரியார் இருட்டையே படம் என்று காட்டப்போகிறார்!" என்று வீரகேசரி கெக்கலித்தான்.

"கண் கொஞ்சம் பழகட்டும்" என்றார் தாண்டவராயர். கம்பளியில் விட்டிருந்த சிறு துளையின் அடைப்பை எடுத்தார்.

வெள்ளைச் சுவரில் தெரு வந்து நின்றது. வேப்பமரம் காற்றில் ஆடியது. காய்கறிக் கூடையோடு பெண்கள் நடந்தார்கள். பட்டத்து யானை காதை விசிறியது. எல்லாம் அதனதன் நிறத்தில், எல்லாம் தலைகீழாக. ராஜா வாயைப் பிளந்தபடி பார்த்தான்.

"அபசாரம்!" என்று கத்தினான் வீரகேசரி. "அரசரின் நாட்டைத் தலைகீழாகக் காட்டுவதா? ஒரே ஒரு ஆளாவது நேராக நிற்கிறானா இதில்?"

ராஜாவின் முகம் சுருங்கியது. "ஆமாம் மந்திரியாரே. ஏன் இப்படி?"

தாண்டவராயர் பெருமூச்சு விட்டார். "வெளிச்சம் அப்படித்தான் வரைகிறது அரசே. நேரான ஆள் ஒருவராவது வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. வீரகேசரியார் வெளியே போய் வேப்பமரத்தடியில் தலைகீழாக நிற்கட்டும். படத்தில் அவர் மட்டும் நேராகத் தெரிவார்."

"போய் நில்லும்!" என்றான் ராஜா.

"அரசே, நானா?"

"நீர்தானே கேட்டீர்? போம்!"

சற்றுப் பொறுத்து, சுவரில் தலைகீழான வேப்பமரத்தில் சாய்ந்தபடி ஒரே ஒரு மனிதன் நேராக நின்றான். அவன் வேட்டி மட்டும் மேல்நோக்கி விழுந்து முகத்தை மூடியது. சுற்றிலும் தலைகீழான பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராஜாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"எப்படி ஐயா உமக்குத் தோன்றியது?"

"வண்ணம் கூடாது, தூரிகை கூடாது, கை கூடாது என்று வீரகேசரியார் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார். மிஞ்சியது வெளிச்சம்தான். அதையும் என் மனைவி ஜன்னலைச் சாத்தித் தடுத்தாள். ஓர் ஓட்டை வழியாக வந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்."

"என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"ஒரு மாதம் யாரும் என்னிடம் புதிதாக எதுவும் கேட்கக்கூடாது."

ராஜா அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அன்றுதான் சரியாகப் பார்த்தான் போலும். "இரண்டு மாதம்" என்றான் மெல்லிய குரலில். தன் பல்லக்கிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பினான்.

அன்று சாயங்காலமே ஒரு சேவகன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அம்மா, படம் அழிந்துபோச்சு! ராஜா தவிக்கிறார். மந்திரி ஐயாவைக் கையோடு கூட்டிவரச் சொன்னார்."

செங்கமலம் வாசலை விட்டு நகரவில்லை. "பொழுது சாய்ஞ்சா அது போகத்தான் செய்யும். நாளைக்கு வெயில் வந்தா தானா வரும்னு ராஜாகிட்டச் சொல்லு. மெதுவா நட தம்பி, அவர் தூங்கறார்" என்றாள்.