முதலையைத் தடவச் சொன்ன சுவடி

முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டைத் தென்னவராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஒன்றை நினைத்துவிட்டால் அடுத்த கணமே நடந்தாக வேண்டும் அவனுக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுக்கதை கலக்காத, உள்ளதை உள்ளபடி சொல்லும் சுவடி ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆசைப்பட்டான்.

ஆஸ்தான பண்டிதர் சாரங்கபாணி, தான் எழுதிய 'விலங்கு விளக்க'த்தைப் பட்டில் சுற்றி, பள்ளிகளுக்கென எழுதிவைத்த படிகளோடு கொண்டுவந்தார். மந்திரி கூத்தபிரானைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "மந்திரியாரிடம் கேட்காதீர்கள் அரசே. அவருக்கு ஏட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்றார்.

ராஜா பிரித்த ஏட்டில், 'முதலை வாய் திறந்து கிடந்தால் உறங்குகிறது என்று பொருள். அப்போது முதுகைத் தடவலாம்' என்றிருந்தது.

"அடடா, எனக்கே தெரியாதே! இதன் படிகளெல்லாம் இப்போதே பள்ளிகளுக்குப் போகட்டும்!"

கூத்தபிரான் சொன்னார்: "பிள்ளைகள் படித்ததோடு விடமாட்டார்கள் அரசே, செய்தும் பார்ப்பார்கள். நம் அகழியில் ஒரு முதலை வாய் திறந்துதான் கிடக்கிறது. பண்டிதர் தடவிக் காட்டட்டுமே."

சபையே அகழிக்குத் திரண்டது. பண்டிதருக்கு வியர்த்துக் கொட்டியது. "எனக்கு... முழங்கால் வலி."

"அப்படியானால் நானே தடவுகிறேன்!" ராஜா மடமடவென்று படியிறங்கினான். கூத்தபிரான் குறுக்கே கை நீட்டினார். அதற்குள் பண்டிதர் முழங்கால் வலியை மறந்து பாய்ந்து வந்து ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, போகாதீர்கள்! நான் முதலையைப் பார்த்ததே இல்லை! யாரோ சொன்னதை எழுதிவிட்டேன்!"

மடைப்பள்ளியில் வாங்கி வந்திருந்த பூசணிக்காயைக் கூத்தபிரான் முதலை வாய்க்குள் வீசினார். படார்! பூசணி சுக்குநூறாகத் தெறித்தது. "வெயில் சூடு தணியத்தான் வாயைத் திறந்திருக்கிறது அரசே. தூங்கவில்லை."

ராஜா முதலையின் வாயையே பார்த்தான். அதன் முதுகைத் தடவ நீளும் ஒரு சின்னஞ்சிறு கை அவன் மனக்கண்ணில் வந்து போனது.

"என்னைத் தடுக்க ஓடிவந்தீரே பண்டிதரே, பிள்ளைகளை யார் ஓடிவந்து தடுப்பார்?" என்றவன் சட்டென்று அலறினான். "ஐயையோ! சுவடிகள் போயிருக்குமே! குதிரையை விடுங்கள்!"

"கோட்டை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன்" என்றார் கூத்தபிரான். " ஆணையை மீறினேன், தண்டனை கொடுங்கள்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். "இனிப் பிள்ளைகளின் ஏடுகளை நீரே தேர்ந்தெடும். இதுதான் தண்டனை. பண்டிதரே, நீர் ஆற்றங்கரைக்குப் போய் முதலையைக் கண்ணால் பார்த்து எழுதும்."

"எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கலாம் அரசே?"

"அதையும் நீரே கண்டறிந்து எழுதும்!"