சாரலில் கரைந்த மீசை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் ஒரு நாட்டில், தமக்கு நரைத்துவிட்டதை ஒப்புக்கொள்ளாத மன்னர் ஒருவர் இருந்தார். வாரந்தோறும் அவுரிச் சாந்து பூசி மீசையைக் கருப்பாக்கிக்கொள்வார். தேரோட்டத்தன்று சாரல் அடித்தது. குடையை வலப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டார்கள். இடப்பக்கச் சாயம் கரைந்து பட்டு உத்தரீயத்தில் வழிந்தது. மாலைக்குள் சந்தை முழுக்க அதே பேச்சு.

மன்னருக்கு அவமானம் தாங்கவில்லை. விகடகவி செவ்வந்தியப்பன்மேல் வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த அமைச்சர் அகளங்கராயருக்கு அது வாகாகப் போயிற்று.

"அரசே, தங்கள் மீசையைப் பற்றி இனி எவரும் பேசக் கூடாது. ஒரு முறை பேசினால் பாதி மீசை சிரைக்கப்படும். முதல் குற்றவாளியை மூன்று நாளில் செவ்வந்தியப்பன் பிடித்து வரட்டும். தவறினால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

"கட்டளை எப்போது தொடங்குகிறது, அரசே?" என்று கேட்டான் செவ்வந்தியப்பன்.

"இந்த நொடியே."

அகளங்கராயர் அங்கேயே பறையறையும் பொன்னானை அழைத்து, ஊர் ஊராய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார்.

நிறைமாத மனைவியோடு எங்கே போவது என்ற கவலையோடு செவ்வந்தியப்பன் ஆள் தேடிக் கிளம்பினான். அவன் தலையைக் கண்டதும் சந்தையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு நாள் வீணாய்ப் போயிற்று. மூன்றாம் நாள், சாயம் கரைந்த செய்திகூட எட்டாத ஒரு நெசவாளர் ஊரில், "ராசா மீசையப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்று பொன்னான் பறையடித்துக்கொண்டிருந்தான். தறியை நிறுத்திவிட்டு வந்த ஒருவர், "ராசா மீசைக்கு என்னய்யா ஆச்சு?" என்று கேட்டார். செவ்வந்தியப்பன் போய்ப் பொன்னானின் கையைப் பிடித்தான்.

சபையில் பொன்னான் கைகூப்பினான். "சாமி, நானா ஒண்ணும் சொல்லலீங்க. அமைச்சரய்யா சொல்லிக்குடுத்ததத்தான் சொன்னேன்."

"கட்டளை பிறந்தபின் முதலில் பேசியவர் அமைச்சர்தான், அரசே. பொன்னானுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தாங்களே காதால் கேட்டீர்கள். நாவிதனையும் கையோடு அழைத்து வந்திருக்கிறேன்" என்றான் செவ்வந்தியப்பன்.

அகளங்கராயர் தம் முறுக்கு மீசையைப் பொத்திக்கொண்டார். "அரசே, தங்கள் மீசையின் மானத்தைக் காக்கத்தானே..."

"மறுபாதியும் போயிற்று" என்றான் செவ்வந்தியப்பன்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டளையை ரத்து செய்து, அமைச்சரை மன்னித்து, தம் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பன் கழுத்தில் போட்டார்.

பிறகு நாவிதனைக் கூப்பிட்டார். "வந்தவன் சும்மா போகாதே. இந்தச் சாயத்தைக் கழுவிவிட்டுப் போ."

மறுநாள் வெள்ளை மீசையோடு சந்தை வழியே போனார். சனங்கள் ஒருகணம் பார்த்தார்கள். பிறகு கத்தரிக்காய்க்குப் பேரம் பேசத் திரும்பிவிட்டார்கள்.