நடுங்கும் மணி

இருதயராஜுக்கு ஐம்பத்தோரு வயது. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். கோடை விடுமுறையில் இந்த ஆய்வகத்துக்கு வேலை பழக வந்திருந்தார். இங்கே அவருக்கு ஆசிரியை மெஹருன்னிசா. ஒரு காலத்தில் அவர் வகுப்பில் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அவர் அவளை மேடம் என்றார். அவள் சார் என்பதை விடவில்லை.

நாளைக்குள் ஒரே ஒரு டிஎன்ஏ இழையையாவது இழுத்து அளந்து காட்டினால்தான் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம். இருபது வருடம் தள்ளிப்போட்ட ஆசை அது.

இழையின் ஒரு முனை கண்ணாடியில் ஒட்டியிருக்கும். மறுமுனையில், நீருக்குள், தூசியைவிடச் சிறிய காந்த மணி. மேலே ஒரு காந்தம். காந்தத்தை இறக்கினால் மணி எழும்பும், இழை நிமிரும். நுண்ணோக்கியின் திரையில் மணிகள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. இருதயராஜ் அவற்றில் ஒன்றைக் காட்டினார்.

"மூணு வாரமா இதைத்தான் இழுக்கிறேன் மேடம். நீளவே மாட்டேங்குது."

"இதை ஏன் சார் எடுத்தீங்க?"

"மத்ததெல்லாம் நடுங்கிக்கிட்டே இருக்கு. இதுதான் அடக்கமா நிக்குது."

மெஹருன்னிசா காந்தத்தை முழுவதும் மேலே ஏற்றினாள். மற்ற மணிகள் நூல் தளர்ந்த பட்டம்போல் முன்னைவிட அகலமாக அலைந்தன. அவருடைய மணி இருந்த இடத்திலேயே இருந்தது.

"கண்ணாடியில ஒட்டிப்போன மணி சார். மூணு வாரமா நீங்க கண்ணாடியை இழுத்திருக்கீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அசையாம உக்காந்திருந்த எனக்குத்தானே உங்க வகுப்புல நல்ல பேரு," என்றாள். "எனக்கு அப்ப ஒண்ணுமே புரியல சார்."

அவர் நடுங்குகிற மணி ஒன்றைத் தேர்ந்து காந்தத்தை மெல்ல இறக்கினார். அலைச்சல் சுருங்கியது. இழை நீண்டது.

"நீளுது மேடம்! ஆனா எவ்வளவு விசையில இழுக்கிறேன்? தராசு எதுவும் இல்லையே?"

"தண்ணி மூலக்கூறு மோதி மோதி அது எவ்வளவு நடுங்குதுன்னு அளங்க. நடுக்கம் குறையக் குறைய உங்க இழுப்பு கூடியிருக்குன்னு அர்த்தம். அதை வச்சுத்தான் கணக்கு."

அவர் விரல் மறுபடி காந்தத்தின் திருகுக்குப் போனது.

"அப்ப, அது நடுங்காம நிக்கிற வரைக்கும் இழுத்துடட்டுமா?"

"நின்னுட்டா, எவ்வளவு விசைன்னு அப்புறம் யார்கிட்ட கேப்பீங்க சார்?"

இருதயராஜ் திருகிலிருந்து விரலை எடுத்தார்.