முயல் கிண்ணம்

கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் பெரியவாப்பா ஒன்று சொல்வார். “முழுசா இருக்கிற சாமானை ரெண்டு தடவை பாரு…” என்று தொடங்கும். சின்ன வயதில் கேட்டது; மிச்சம் உவைஸ் மரைக்காயருக்கு மறந்துபோயிற்று.

தோல் ஏற்றுமதியில் சம்பாதித்த மரைக்காயர், பழைய இஸ்லாமியக் கலைப்பொருட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எதை வாங்குவது என்று சொல்பவள் ருகையா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவருக்கு அவள் உஸ்தாது, கற்றுத்தரும் ஆசான். அவளுக்கு அவர் காக்கா, அண்ணன் மாதிரி.

அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. வாங்குமுன் பொருளின் எதிரே பாதி நாள் சும்மா உட்கார வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

அன்று மேசைமேல் பாரசீகத்து நைஷாப்பூர் மண்கிண்ணம். வெண்ணெய் நிறத்தில் ஓடும் பழுப்பு முயல். பதினோரு வருடமாக இப்படி ஒன்றுக்குத்தான் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். மாலை அஸர் தொழுகைக்குள் பதில் வேண்டும் என்று அதைக் கொடுத்தனுப்பிய வியாபாரி சொல்லியிருந்தான்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் கேட்டார்: “ஆயிரம் வருஷம், உஸ்தாது. ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி?”

ருகையா வியாபாரியைப் போனில் கூப்பிட்டாள்.

“கொஞ்சம் துடைச்சுப் பார்க்கட்டுமா?”

“பாருங்க” என்று இழுத்தான்.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, முயலின் பின்பக்கத்தை மெல்லத் துடைத்தாள். பஞ்சு பழுப்பானது. மேல்பூச்சு போனதும் விரிசல்கள் வலைபோலத் தெரிந்தன. முயலின் பின்பாதி காணோம். அந்த இடத்தில் வேறொரு கிண்ணத்தின் துண்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரு பறவையின் வால்.

மரைக்காயரின் முகம் வாடிவிட்டது. இரண்டு கிண்ணத்தை ஒட்டி, பூசி மறைத்து, ஒன்றாக்கி விற்கப் பார்த்திருக்கிறான்.

குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். ஓடுகிற வேகத்தில் முயல் அந்தப் பறவையின் வாலைத் தூக்கிக்கொண்டு போவது போலவே இருந்தது. தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கே திருடிச்சு இந்த வாலை?”

“கோழிக்கூட்டுப் பக்கம் போயிருக்கும், காக்கா.”

இருவரும் சிரித்து ஓய நேரமாயிற்று.

“ஒரு கேள்வி முடிஞ்சுபோச்சு. இருந்தாலும் கேக்குறேன். இது அசலா, போலியா?”

“காலையிலேருந்து இதுக்கு எதிரே உம்முனு உட்கார்ந்திருந்தீங்க. இப்பத்தான் இதோட பேசவே ஆரம்பிச்சிருக்கீங்க.”

மரைக்காயர் போனை எடுத்தார். கிண்ணத்தை இப்படியே, பறவை வால் தெரியவே வாங்கிக்கொள்வதாகவும், துடைத்த இடத்தை மறுபடி பூசக் கூடாது என்றும் வியாபாரியிடம் சொன்னார்.