புறா சுமந்த யானை

செம்பியூர் ராஜாவுக்குச் சதுரங்கப் பைத்தியம். ஆற்றுக்கு அக்கரையில் ஆண்ட மைத்துனரோடு புறாவின் காலில் ஓலை கட்டி அனுப்பியே ஆடுவார். இருவரிடமும் ஒரே மாதிரிப் பலகை. கட்டத்துக்குக் கட்டம் எண் செதுக்கியிருக்கும். ராஜா ஒரு காயை நகர்த்தினால் போதும், ஆஸ்தானப் புலவர் திருமேனிநாதர் அதைப் பாட்டாகவே எழுதிவிடுவார்.

அன்று ராஜா நகர்த்தியது யானையை. மலையதிர, மண்ணதிர என்று முழ நீள ஓலையைப் புலவர் நிரப்பினார். அதைக் காலில் கட்டியதும் புறா பறக்காமல் தத்தித் தத்தி நடந்தது.

“பாட்டில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது. புறா பறக்காவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை” என்றார் ராஜா, புறாக்காரி ஒச்சாயியிடம்.

“உத்தரவு மகாராஜா. அதற்கு முன்னால் காயைப் பழைய இடத்தில் வையுங்கள். புலவர் சாமி தம் பாட்டைப் படித்து நகர்த்திக் காட்டட்டும்.”

புலவர் ராகம் போட்டுப் படித்து, ஒரு யானையைத் தள்ளினார்.

“அட, அது இல்லையய்யா! நம்முடைய இன்னொரு யானை!” என்று பதறினார் ராஜா.

ஒச்சாயி ஓலை நறுக்கில் இரண்டே எண்களைக் கீறினாள். “கிளம்பின கட்டம், போய்ச் சேர்ந்த கட்டம்.”

“எந்தக் காய் என்றே இல்லையே!” என்று சீறினார் புலவர்.

“கிளம்பின கட்டத்தில் எது நிற்கிறதோ அதுதான், சாமி. அக்கரைப் பலகையிலும் அங்கே அதுதானே நிற்கிறது?”

நறுக்கைக் காலில் கட்டியதும் புறா ஜிவ்வென்று பறந்தது. ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். “சரி, பாட்டை என்ன செய்வது? ஓர் எழுத்தும் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டேனே!”

“குறைக்கவே வேண்டாம் மகாராஜா. யானையைப் பற்றிய பாட்டுதானே? கொட்டில் யானை மேலேயே ஏற்றி அனுப்புங்கள். ஆட்டம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாலும் சேரும்.”