பச்சை மருந்து

தணிகாசலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து ஆறு வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் நாலு நாலு மணி நேரம் படுத்திருப்பார்.

அந்த மையத்தில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. படுக்கையிலிருந்து கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்தால் தெரியும். அதை அவர்தான் பார்த்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் ஆறு வருஷத்தில் பதினான்கு பேர் மாறிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களிடம் பேர் கேட்பதை அவர் விட்டுவிட்டார். மீன்களை மட்டும் தினமும் போய்ப் பார்த்தார்.

மீன் வளர்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஹெப்சிபா. கொளத்தூரில் மொட்டை மாடி முழுக்கத் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறவள். வயது முப்பத்து நான்கு. அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மெஷினிலிருந்து இறங்கியவர் நேராக அவள் மாடிக்கு வந்தார். கையில் ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. மூச்சு வாங்கியது.

"இருக்கிறதுலயே கடுமையான மருந்து எதுவோ அதைக் கொடுங்க டீச்சர்."

"எதுக்கு?"

"வெள்ளைப்புள்ளி. உப்புத் தூவின மாதிரி எல்லா மீன் மேலயும் இருக்கு. புதுசா ஒருத்தன் வந்திருக்கான், நூர்தீன்னு. மெஷினுக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகுது. போன வெள்ளிக்கிழமை கவர்ல ரெண்டு மோலி மீன் வாங்கிட்டு வந்து, யாரையும் கேக்காம தொட்டில விட்டுட்டான். குட்டி போடும், தொட்டி நிறையும்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கான். புதன்கிழமை பாத்தா எல்லாத்துக்கும் புள்ளி."

"புது மீனைத் தனியா வைக்கணும்னு அவருக்கு யாராவது சொன்னாங்களா?"

"சொல்லணுமா? கேக்கத் தெரியாதா?"

ஹெப்சிபா வலையை எடுத்து ஓரத்துத் தொட்டியில் விட்டு, நோய்ப்பட்ட மீன் ஒன்றைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றினாள். அவர் முகத்துக்கு நேரே வைத்தாள்.

"புள்ளி எங்க இருக்கு?"

"மேல."

"இல்ல. தோலுக்கு அடியில. ஒரு கிருமி தோலைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கு. எந்த மருந்தும் அங்க போகாது. தின்னு முடிச்சதும் அதுவே உதிரும். தொட்டி அடியில போய் ஒட்டிக்கிட்டு ஒண்ணு நூறா வெடிக்கும். அந்த நூறும் மீனைத் தேடித் தண்ணில அலையும் பாருங்க, அப்பதான் மருந்து அதைக் கொல்லும். அதுவரைக்கும் தண்ணியைக் கொஞ்சம் சூடாக்கி, காத்து விட்டு, அடித்தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டுக் காத்திருக்கணும். உங்ககிட்ட முன்னாடியே கொடுத்த பச்சை மருந்து என்னாச்சு?"

"புதன்கிழமை சாயங்காலமே ஊத்திட்டேன்."

"எவ்வளவு?"

அவர் ஜாடியைப் பார்த்தார்.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"ரெண்டு மடங்கு. கொஞ்சம் கூடவே இருக்கும். ஆத்திரத்துல அளந்து பாக்கல."

அவள் ஜாடியைக் கீழே வைத்தாள்.

"நாலு மணி நேரத்துல உங்க உடம்புல இருந்து எடுக்கிற தண்ணிய மெஷின்ல ஒரு மணி நேரத்துல எடுத்தா என்ன ஆகும்?"

"உயிர் போயிடும்."

"மீனுக்குச் செவுள் வெந்து போகும். மூச்சு முட்டும். மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி எத்தனை மீன் செத்துது?"

"ரெண்டு."

"ஊத்தினதுக்கு அப்புறம்?"

"எட்டு," என்றார். "வியாழக்கிழமை காலைல போனேன். எட்டும் மிதந்துச்சு. ரெண்டு ஏஞ்சல், ஆறு டெட்ரா."

"நூர்தீன்கிட்ட என்ன பேசினீங்க?"

"புதன்கிழமை உள்ள வந்ததும் பிடிச்சுக்கிட்டேன். கூடத்துல எல்லாரும் இருந்தாங்க. கொலைகாரன்னு சொன்னேன். உன்னை மாதிரி ஆள் வந்தா மனுஷனும் பொழைக்க மாட்டான், மீனும் பொழைக்காதுன்னு சொன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். அவன் அப்படியே திரும்பிப் போயிட்டான்."

"மெஷின்ல படுக்காமலா?"

"ஆமா."

"இன்னைக்கு?"

"வரல. நர்ஸ் போன் பண்ணிச்சு. எடுக்கல."

ஹெப்சிபாவுக்கு முகம் சிவந்தது. அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. இப்போதும் போடவில்லை. ஆனால் அவள் பேசியபோது தணிகாசலம் ஓர் அடி பின்னால் போனார்.

"அவர் மெஷின்ல படுத்தது திங்கள்கிழமையோட சரி. நாலு நாளாச்சு. உடம்புல சேர்ற தண்ணி நாலு நாளைக்கு எங்க போகும்னு உங்களுக்குத் தெரியாதா? ஆறு வருஷமா படுத்திருக்கீங்க. மீனுக்கு மருந்து கேட்டு வந்து நிக்கிறீங்க."

"டீச்சர்..."

"தொட்டியை நான் போய்ப் பாத்துக்கிறேன். மையத்துல நூர்தீன் வீட்டு விலாசம் வாங்கிட்டு நீங்க கிளம்புங்க."

"போய் என்னன்னு சொல்றது?"

"எட்டு மீனை நான் கொன்னேன்னு சொல்லுங்க."

வீடு வியாசர்பாடியில் இருந்தது. நூர்தீனின் மனைவிதான் கதவைத் திறந்தாள். நூர்தீன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதிக் கண் இடுங்கியிருந்தது. படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று நேற்றிலிருந்து உட்கார்ந்தே இருக்கிறார் என்றாள் அவள். மையத்துக்குப் போகச் சொன்னால், அங்கே எந்த முகத்தோடு போய்ப் படுப்பேன் என்கிறார் என்றாள்.

தணிகாசலம் தெருவில் இறங்கி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். அவரும் அந்தப் பெண்ணுமாக நூர்தீனைத் தூக்கி உட்கார வைத்தார்கள். வழியெல்லாம் நூர்தீன் மூச்சுக்குத் தவித்தார். மையத்தில் காலியாக இருந்த மெஷினில் உடனே போட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் நெஞ்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர். தணிகாசலம் நாலு மணி நேரமும் வெளியே நின்றார். தொட்டிப் பக்கம் போகவில்லை.

நூர்தீன் பிழைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துத் தணிகாசலம் மறுபடி மாடி ஏறினார். மீதி மீன்கள் தேறியிருந்தன. ஹெப்சிபா சொன்னபடி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் அளந்து மருந்து விட்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"தொட்டி சுத்தமாயிடுச்சு டீச்சர். ஒரு புள்ளி கிடையாது."

"நூர்தீன்?"

"ஒரு முறை கூடத் தப்பாம வர்றார். ஆனா தொட்டி இருக்கிற பக்கம் உக்கார மாட்டேங்கிறார். கதவோரமா நாற்காலியைப் போட்டுக்கிறார். மத்தவங்களும் அவர்கிட்ட அவ்வளவா பேசறதில்ல. ஏன்னு தெரியல."

"நான் சொல்லச் சொன்னதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன் டீச்சர். அன்னைக்கே ஆட்டோல வரும்போது சொல்லிட்டேன். அவர் சம்சாரத்துக்குக் கூடக் கேக்காம, காதோட சொன்னேன்."

ஹெப்சிபா கையிலிருந்த வலையை உதறினாள்.

"திட்டினதும் காதோடதானா?"