வட்ட வயலில் முளைத்த முள்

அந்தக் காலத்தில் வாற்கோதுமைக்கு வாய் இருந்தது, முள் இல்லை. பார்லி என்று சொல்லி இன்று கஞ்சி வைக்கிறோமே, அதேதான். கதிர் வழுவழுவென்று இருக்கும். யார் கூப்பிட்டாலும் பேசும், யார் கை நீட்டினாலும் கொடுக்கும்.

மலைநாட்டு மக்களுக்கு அப்போது ஆண்டவர் ஒரு கட்டளை போட்டிருந்தார். மழையும் விளைச்சலும் நான் தருவது. அதனால் வயலின் மூலைகளை அறுக்காதீர்கள், அது இல்லாதவர்களுக்கு. அறுக்கும்போது விழுந்த கதிரையும் திரும்பிப்போய்ப் பொறுக்காதீர்கள், அதுவும் அவர்களுக்கே என்றார்.

அந்த ஊரில் திர்சாள் என்றொருத்தி இருந்தாள். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள், கைக்குழந்தைக்காரி. குளிர்காலம் முழுக்கக் காட்டுக்கீரையைத் தின்றே ஓட்டியதில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அறுப்பு வரட்டும், ஊர்ப் பணக்காரன் அசாரேலின் வயல் மூலை இருக்கிறது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அறுப்பும் வந்தது. குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினாள். போய்ப் பார்த்தால் வயலில் மூலையே இல்லை! அந்தப் பாவி வயலை வட்டமாக உழுது விதைத்திருந்தான். நான்கு மூலையிலும் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருந்தான். அவ்வளவு நிலம் தனக்கும் உதவாமல் போனாலும் சரி, அடுத்தவள் வயிறு நிறையக் கூடாது. இப்படியும் ஒரு ஜென்மம்.

"ஐயா, மூலை எங்கே?" என்று கேட்டாள் திர்சாள்.

"நீயே தேடும்மா. மூலைன்னு ஒண்ணு இருந்தா தாராளமா அறுத்துக்கோ. ஆண்டவர் சொன்னதை நான் மீறவே மாட்டேன்," என்றான் அசாரேல். கூலியாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "நல்லா இருப்பியா நீ? பச்சைப்பிள்ளை வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டு ஆண்டவர் பேரை வேற சொல்றியா?" என்று கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே போய் நிழலில் உட்கார்ந்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். "உன்னையும்தான் கேக்கறேன்! உன் கட்டளையைச் சுத்தி ஒருத்தன் வட்டம் போட்டுட்டான். பார்த்துட்டுச் சும்மாவா இருக்கே?"

வானம் பதில் சொல்வதற்குள் வாற்கோதுமை பேசியது. அதற்கும் கோபம்தான்.

"ஆண்டவரே, மழை என்மேல் மூலை பார்த்தா பெய்தது? எல்லாருக்கும் என்றுதானே என்னை விளைய வைத்தீர்? ஒருத்தன் வாரிச் சுருட்டிக்கொள்ள நான் ஏன் வழுவழுவென்று நிற்க வேண்டும்? எனக்கு முள் கொடும்!"

"கொடுத்தால் அவளையும் குத்துமே. அவளைக் கேள்," என்றார் ஆண்டவர்.

கதிர்கள் எல்லாம் திர்சாளின் பக்கம் திரும்பின. "தாயே, உன் விரலிலும் ரத்தம் வரும். உன் பிள்ளை வளர்ந்து வந்து எடுத்தாலும் குத்தும். பிறகு மாற்ற முடியாது. சம்மதமா?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். அது வெறும் வாயைச் சப்பிக்கொண்டிருந்தது.

"வயிறு குத்தறதை விடவா? முளைக்கட்டும்!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒவ்வொரு மணியிலிருந்தும் நீள நீளமாக முள் கிளம்பியது. கதிர்க்கட்டைத் தூக்கிய கூலியாள் "ஐயோ" என்று கீழே போட்டான். அடுத்தவன் கழுத்தைச் சொறிந்தான், அவன் தோளிலிருந்தும் கதிர்கள் உதிர்ந்தன. அடிக்கு அடி கதிர் விழுந்தது.

"பொறுக்குங்கடா!" என்று அலறினான் அசாரேல்.

கூலியாட்களில் மூத்தவன் நிமிர்ந்தான். "விழுந்ததைப் பொறுக்கக் கூடாதுங்க. ஆண்டவர் சொன்னதை மீறவே மாட்டேன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அசாரேல் தானே பாய்ந்து இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்தான். முள் தாடிக்குள் புகுந்தது, சட்டைக் கைக்குள் ஏறியது. பிடுங்கப் பிடுங்க அது மேலே ஏறியதே தவிர இறங்கவில்லை. கடைசியில் அத்தனையையும் உதறிவிட்டு, உடம்பைச் சொறிந்துகொண்டே ஓடினான்.

திர்சாள் குனிந்தாள். முள் இல்லாத தாள்பக்கமாகப் பிடித்துக் கதிரை ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டு விரலில் ரத்தம் வந்தது. கோபம் மட்டும் தணியவில்லை. வாய் திட்டிக்கொண்டே இருக்க, முந்தானை நிறைந்தது. அன்று மாலை கஞ்சி கொதித்தது. மூன்றாம் நாள் பால் சுரந்தது.

அன்று முதல்தான் வாற்கோதுமைக் கதிருக்கு முள். ஒவ்வொன்றாக எடுப்பவளை விரலில் மட்டும் குத்தும். வாரி அணைப்பவனை இன்றுவரை சும்மா விடுவதில்லை.